பார்லி ஜாடிக்குள் சாவி

ஃப்ளூரின்,

அசந்து தூங்குற, எழுப்ப மனசு வரல. சூப் அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக்கோ. நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடுறேன்.

என் தம்பி துரி எழுந்ததும் அவனோட பனிச்சறுக்குக் கட்டைகளைத் தேடுவான். அதை நிலவறையில வச்சுப் பூட்டிட்டேன். நேத்து உச்சிக்குக் கொஞ்சம் கீழே, காலடியில பனி 'தொம்'னு அமுங்கினதும், மொத்தமாச் சரியப் போகுதுன்னு எங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தியே, அதே சரிவுக்கு இன்னைக்குத் தனியாப் போறானாம்!

"மச்சானுக்கு வயசாயிடுச்சுக்கா. நமக்கப்புறம் ரெண்டு பேர் அதுலயே சறுக்கிட்டு வந்து ஜாலியா பீர் குடிச்சிட்டிருக்காங்க"ன்னு சிரிச்சான்.

"அவங்க பிழைச்சது மலையோட தயவு. நீ பிழைச்சது உன் மச்சானோட தயவு"ன்னேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான்.

அந்தச் சரிவு இன்னும் அப்படியேதான் நிக்குது. கடைசி வரைக்கும் சரியாமலே போகலாம். அதனால நீ செஞ்சது தப்பாயிடாது. உச்சி கண்ணெதிர்ல இருக்கு, கூட வந்தவங்க முறைக்கிறாங்க, அப்பவும் "வேண்டாம், திரும்புவோம்"னு சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேணும்!

லதீனா

பி.கு: சாவி பார்லி ஜாடிக்குள்ள இருக்கு. துரி சமையல் பக்கமே வரமாட்டான். காட்டோரமாப் பனியைத் தோண்டிப் பாரு, அடியில இன்னும் சர்க்கரை மாதிரி உதிருதான்னு; உதிர்ந்தா மேல இருக்கிற பனி நிக்காது. உனக்குத் திருப்தியா இருந்தா மட்டும் சாவியை எடு.

இன்னொண்ணு. நேத்து உன்னை முறைச்சதுல நானும் ஒருத்திதான். அவதான் இப்போ தன் ஒரே தம்பியை உன் கையில விட்டுட்டுப் போறா.