வயிற்றுக்கு ஒரு மணிச்சட்டம்

நேற்று உன் மணிச்சட்டத்தின் அச்சை மறுபடியும் மெஷினில் ஏற்றினேன். பிளாஸ்டிக் உருகும் வாசனை கொட்டகையை நிறைத்ததும் நிற்க முடியாமல் வெளியே வந்து டீ சொன்னேன். பழைய நினைப்பில் இரண்டாகச் சொல்லிவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது.

இது தொடங்கியது ஒரகடம் ஃபேக்டரியில் நீ அசெம்பிளி லைனில் நின்ற நாட்களில். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும், உன் வயிறு எதற்கும் ஒத்துவராது. பாத்ரூம் போவதென்றால் மாற்று ஆள் வர வேண்டும். அவன் வருவதற்குள் நீ படும் பாடு கொஞ்சமில்லை. எப்பெப்போது என்ன செய்கிறது என்று குறித்து வரச் சொன்னார் டாக்டர். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். நீ நட்டையும் வாஷரையும் கம்பியில் கோர்த்து, சின்னச் சட்டமாக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். ஏழு நாளுக்கு ஏழு கம்பி. வட்டம் எரிச்சலுக்கு, சதுரம் உப்புசத்துக்கு, முக்கோணமாக அராவியது பேதிக்கு. வந்ததை விரலால் தள்ளினால் போதும், பார்க்கக்கூட வேண்டாம்.

படப்பையில் பிளாஸ்டிக் பெட்டி வார்த்து விற்கும் எனக்கு அதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. உன்னைக் கேட்காமல் இருநூறு அடித்தேன். கம்பிக்குக் கம்பி கிழமையும் பொறித்தேன். நீ ஒன்றை எடுத்துப் புரட்டினாய். தெற்கத்திப் பேச்சு உன்னை விட்டுப் போகவே இல்லை.

"நைட் ஷிஃப்ட்காரனுக்கு எது திங்கள், எது செவ்வாய்வே? தூங்கி எந்திரிச்சாத்தான் அவனுக்கு நாளு."

"இப்போ இன்னான்ற? எல்லாத்தையும் தூக்கிப் போடவா?"

"உப்புத்தாள் இருக்கா?"

அன்று முழுக்க இருவரும் உட்கார்ந்து கிழமைகளைத் தேய்த்தோம். "திங்கக்கெழமைய ஒழிச்சாச்சு, இனி எவனும் வேலைக்குப் போவ வேண்டாம்" என்றாய். அப்படிச் சிரித்து நான் வேலை செய்ததே இல்லை.

பிறகு ஒரு கம்பெனி அதிகாரி மொத்த லைனுக்கும் வாங்குவதாக வந்தார். சட்டத்தில் ஆள் நம்பர் வேண்டும், ஷிஃப்ட் முடிந்ததும் தங்களிடம் காட்ட வேண்டும் என்றார். நான் தலையாட்டிவிட்டேன். நீ சத்தம் போடவில்லை.

"எவன் எத்தன தடவ பாத்ரூமுக்கு ஓடுனான்னு தெரிஞ்சா, அவனுக்கு மறுபடி காண்ட்ராக்ட்டு போடுவாராவே? என்னய லைன்ல இருந்து எதுக்குத் தூக்குனாங்கன்னு நெனக்க?"

நீயாகத்தான் வேறு வேலைக்கு மாறினாய் என்று அதுவரை நம்பியிருந்தேன். ஆர்டரை விட்டேன். மனசார விடவில்லை, பத்து நாள் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோராம் நாள் நீயே வந்து, "கோவம் வயித்தத்தான்வே கெடுக்கும்" என்றாய்.

போன வாரம் பெண்கள் விடுதி நடத்தும் அம்மா ஒருவர் மணிச்சட்டம் கேட்டு வந்தார். நல்ல மனசுக்காரர். "பேரு போட்டுக் குடுங்கண்ணே, எந்தப் பொண்ணுக்கு இன்னா பண்ணுதுன்னு நானே பாத்துக்கினு இருப்பேன்" என்றார். அதிகாரியிடம் மறுக்கலாம், அக்கறையாகக் கேட்கிறவரிடம் மறுப்பதுதான் கஷ்டம். "அதுங்களா காட்டுனா பாரும்மா" என்றேன். முகம் சுருங்கியது, ஆனாலும் சரியென்றார்.

நூற்றிருபது சட்டம், ஒன்று அறுபது ரூபாய். பேரும் கிடையாது, நம்பரும் கிடையாது. கொடுத்த பிறகு அதை வாங்கிப் பார்க்கும் உரிமை யாருக்கும் இல்லை.