உங்கள் வாசலிலிருந்து தெரிந்த டிவி

அக்கா,

ஜன்னல் வழியாகச் சுண்ணாம்பு வாசனை வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். அப்பா தன்னோடு இருக்கட்டும் என்று அண்ணனை உங்கள் மகள் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போன பிறகு பூட்டிக் கிடந்த வீடு. வீட்டுக்காரம்மா சாவியை என்னிடம் கொடுத்து ஆட்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். மதியம் அவர்கள் சாப்பிடப் போனதும் உங்கள் வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். உட்காராமலே இருந்திருக்கலாம்.

கல்யாணமாகி சிவகாசிப் பக்கத்திலிருந்து இந்த ஜூஜுவாடி லைன் வீட்டுக்கு நான் வந்து இறங்கிய அன்று, எதிர்வீட்டு வாசலில் நின்று நீங்கள் தெலுங்கில் யாரையோ கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தீர்கள். நான் பயந்தே போனேன். பால் குடித்த பூனையைத்தான் திட்டினீர்கள் என்று மறுநாள் தெரிந்தது. அண்ணன் பக்கவாதத்தில் விழுந்திருந்தார் என்பதும், அவர் எப்போது கூப்பிடுவாரோ என்று நீங்கள் அந்த வாசலைத் தாண்டுவதே இல்லை என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. தண்ணீர் பிடிக்க வந்தாலும் ஒரு காது வீட்டுக்குள்தான் இருக்கும் உங்களுக்கு.

அதனால்தான் எங்கள் பழைய டிவி உங்கள் பக்கம் பார்த்தது. அதற்குச் சக்கரம் வைத்த ஸ்டாண்டு. சாயங்காலம் சீரியல் நேரத்துக்கு அதை உருட்டி வாசலைப் பார்க்கத் திருப்பிவிடுவேன். நீங்கள் உங்கள் படியில் முறத்தோடு உட்காருவீர்கள், நான் என் படியில். நடுவில் நாலு முழ முற்றம். கதையை விட உங்களுக்குச் சேலைதான் முக்கியம். அந்த மருமகள் எந்தக் கலரில் வந்தாலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பீர்கள். பச்சைக்கு ஊதா ஜாக்கெட் போட்ட அன்று, தைத்தவனுக்குக் கண் இருக்கிறதா என்று தெருவே கேட்கக் கேட்டீர்கள். ஒரு நாளில் உங்களுக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அது எனக்குத் தெரியும்.

பிறகு தீபாவளி போனஸில் இவர் ப்ளாட் டிவி வாங்கினார். அத்திப்பள்ளி தாண்டிப் போய்ப் பார்த்து வாங்கிய டிவி, நம் லைனில் அதுதான் முதல். எங்கள் வாசலுக்கு எதிர்ச் சுவரில் சமையலறைக் கதவு இருப்பதால் பக்கச் சுவரில்தான் மாட்ட முடிந்தது, அதுவும் அசையாத பிராக்கெட்டில். இவர் கம்பெனியில் டூல் ரூம் ஃபிட்டர் அல்லவா, கடை ஆளை நம்பாமல் தானே ரசமட்டம் வைத்துச் சாய்வு பார்த்தார். கட்டிலில், பாயில், சமையலறை நிலைப்படியில் என்று ஒவ்வொரு இடமாக உட்கார்ந்து, தெரிகிறது தெரிகிறது என்று சொல்லிக்கொண்டார்.

அண்ணனைத் தூங்கவைத்துவிட்டு நீங்கள் ஓடிவந்தீர்கள். ஓரத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தால் திருஷ்டி சுற்றினீர்கள். "எவ்ளோ பெருசும்மா! நம்ம கூடவே ஒக்காந்திருக்கறாப்பல இருக்கறாங்க," என்று சொல்லி வாய் மூடவில்லை, அண்ணன் கூப்பிட்டுவிட்டார். நீங்கள் அதை நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்று இன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

அன்று சாயங்காலம் முற்றத்துக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன், தெரியுதாக்கா என்று.

"நல்லாத் தெரியுதும்மா. நீ போயி ஒக்காரு."

நானும் போய் உட்கார்ந்தேன். வாசற்படியில் அல்ல, உள்ளே, கட்டிலில். நீங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தீர்கள், மாமியாரைத் திட்ட வேண்டிய இடத்தில் திட்டினீர்கள். மறுநாள் குழாயடியில் மட்டும், "நேத்து அவ என்னா சேலை கட்டியிருந்தா?" என்று கேட்பீர்கள். நடுவில் அண்ணனைப் பார்க்க எழுந்து போயிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். சொல்வேன். சில நாள் மறந்துபோச்சுக்கா என்றும் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருஷம் கேட்டீர்கள். போன மாதம், குடத்தை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

இன்று உங்கள் படியில் உட்கார்ந்தபோது என் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் தெளிவாகக் கேட்டது. படம்தான் இல்லை. அந்தப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சாம்பல் பூத்த ஒரு பலகை. முகம் இருக்கிற இடத்தில் இருட்டு. படியின் இந்த ஓரம், அந்த ஓரம், எழுந்து நின்றுகூடப் பார்த்துவிட்டேன் அக்கா. எங்கேயிருந்து பார்த்தாலும் அப்படித்தான்.

ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் இவர் சுவரை உடைத்தாவது திருப்பி மாட்டியிருப்பார். அது தெரிந்துதான் சொல்லாமல் இருந்தீர்கள் போல. உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. நாலு முழ முற்றம். ஒரே ஒரு நாள் தாண்டிவந்து உங்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஷிஃப்ட் முடிந்து வந்தவரைச் சட்டையைக்கூட மாற்றவிடாமல் கூட்டிப்போய் அங்கே உட்காரவைத்தேன். கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து எங்கள் வாசலுக்குள் பார்த்தார். பிறகு, "நம்ம வீட்டுக்குள்ளதான் எல்லா எடத்துலயும் உக்காந்து பாத்தேன்," என்றார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார்.

சுண்ணாம்பு காய்ந்ததும் யாரோ குடிவருவார்கள். இன்று சீரியலில் கதை என்ன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த மருமகள் கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள், அக்கா. அரக்கு பார்டர், அதே அரக்கில் ஜாக்கெட். நீங்கள்கூடக் குற்றம் சொல்ல முடியாது.