ஊறுகாய்க்குச் செய்யாத ஜாடி

உன் மகன் கல்யாணத்துக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ கண்ணை மூடிய பிறகாவது அந்த ஜாடி ஓய்ந்திருக்கும் என்று நினைத்தேன். இன்று காலை ரம்புக்கனையில் என் பக்கத்து வீட்டுக்காரி, உன் ஊரான கலவானைக்குப் போய் வந்தவள், உன் வீட்டு எலுமிச்சை ஊறுகாயை ஒரு போத்தலில் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் அதே வாடை. "இன்னும் அந்தப் பச்ச ஜாடியிலதான் போடுறாங்க. மருமக முழுகாம இருக்கு, இது இல்லாம சோறு எறங்கலயாம்" என்றாள்.

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவைக் காலிசெய்தபோது வராந்தாவில் நின்ற மஜோலிக்கா ஜாடி அது. இலையும் மஞ்சள் பூவும் புடைத்திருக்கும். முதலில் கேட்டவன் நான். தோட்டத்துக் கிளாக்கரான நீ, நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் நேரம் பார்த்து ஆட்டோவில் ஏற்றிப் போனாய். அதையும் விடு.

ஸ்பெயினிலிருந்து மஜோர்க்கா தீவு வழியாக வந்த மினுங்கும் மண்பாண்டங்களுக்கு இத்தாலிக்காரர்கள் வைத்த பெயர்தான் மஜோலிக்கா. வெகுகாலம் கழித்து ஆங்கிலேயர் ஈயம் கலந்த வண்ணப் பூச்சில் தங்களுடையதைச் செய்து, அதே பெயரில் விற்றார்கள். துரைசானிமார் அதைக் கப்பலில் கொண்டுவந்தது வராந்தாவில் செடி வைக்க. செடிச்சட்டியை உள்ளே இறக்கும் வெளிச்சட்டி அது. தரையில் தண்ணீர் வழியக் கூடாதென்றுதான் அடியில் ஓட்டை இல்லை. எத்தனை முறை சொன்னேன்! நீ அதைத் தட்டிப் பார்த்து, "ஓட்ட இல்ல, உள்ளுக்கும் பளபளப்பு. ஊறுகாய்க்குன்னே செஞ்சிருக்கான் வெள்ளக்காரன்" என்றாய். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியும் பளபளப்பதால் இரண்டும் ஒன்றென்று தீர்ப்பெழுதிவிட்டாய்.

புளிப்பு அந்தப் பூச்சிலிருந்து ஈயத்தை இழுக்கும், வயிற்றுப் பிள்ளைக்கு அது நஞ்சு என்று உன் மகன் கல்யாணப் பந்தியில் சொன்னேன். எல்லோரும் கேட்க நீ சிரித்தாய்: "வாத்திக்கு ஜாடி கெடைக்கலல்ல, அதான் நஞ்சாயிருச்சு." உன் மனைவி அதை அப்படியே நம்பினாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. உன் சாவு வீட்டிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு. அதை ஜாடியின் தலையில் கட்டமாட்டேன். ஆனால் அந்தப் பந்திச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. செத்தும் நீயே ஜெயித்துக்கொண்டிருக்கிறாய், பிறக்காத பேரப்பிள்ளையை வைத்து.

உன் பெயருக்கு வரும் தபாலை உன் மனைவிதான் பிரிப்பாள். ஆகவே இது அவளுக்கு: தங்கச்சி, ஊறுகாயைக் கொட்டிவிடுங்கள், ஜாடியில் செடி வையுங்கள், மருமகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் இதைச் சொல்லுங்கள். உறையில் என் பெயரைக் கண்டால் படிக்காமலே அடுப்பில் போடுவாள். பெயரில்லாவிட்டால், யார் இந்த வம்பன் என்று தெரிந்துகொள்ளவாவது வாசிப்பாள்; நான்தான் என்று பிடிபடுவதற்குள் பாதி படித்திருப்பாள், மீதியையும் விடமாட்டாள். ஆகவே இந்தக் கடிதத்தைப் பெயரும் கையெழுத்தும் போடாமல்தான் தபாலில் சேர்க்கப்போகிறேன்.