மெயின் சுவிட்சைத் தொடாதே

இன்சீன்,
யாங்கோன்.

அன்பு மகன் சிவநாதனுக்கு அப்பா குழந்தைவேலு எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை; நீயாவது நலமாயிரு. போன் பாதியில் அறுந்துபோகிறது. அறுந்துபோகாத நேரத்தில் யார் கேட்கிறார்களோ என்று பயம். அதனால் ஜப்பானுக்கு வேலைக்கு வருகிற நம் தெருப் பையன் ஆசிக் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் உன் ஹீட்டர் சமாசாரம். கொஞ்ச நேரம் சூடு வருகிறது, திடீரென்று நின்றுபோகிறது, வெளியே இருக்கும் பெட்டியிலிருந்து புகை வருகிறது என்றாய். எரிந்துவிடுமோ என்று ஓடிப்போய் மெயினை அணைக்கிறாயாம். வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் வந்து பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக ஓடுகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

ஆயுள் முழுக்க ஏசி ரிப்பேர் பார்த்தவன் நான். அறையைச் சூடாக்குகிற மெஷினை இந்த வேகாத வெயிலில் எங்கே பார்த்தேன்? ஆனாலும் அது ஏசியைத் திருப்பிப்போட்டதுதான். ஓட ஓட வெளிப்பெட்டி மேல் பனி உறையும். அதைக் கரைக்க மெஷின் தானாகவே உள்ளே வரும் சூட்டை நிறுத்தி வெளியே அனுப்பும். நீ பார்த்தது புகையில்லை, ஆவி. கரைந்து முடிந்ததும் மறுபடி சூடு வரும். நீயோ கரைவதற்குள் மெயினை அணைத்துவிடுகிறாய். அரைகுறையாகக் கரைந்த பனிமேல் இன்னும் பனி ஏறினால் பிறகு எப்படிடா சூடு வரும்?

உன் மேல் தப்பில்லை. மெஷின் நின்றதும் மெயினை அணைப்பது இந்த ஊர்ப் பழக்கம். போன கரண்ட் திரும்பி வரும்போது ஒரேயடியாக ஏறி கம்ப்ரசரைச் சுட்டுவிடுமே. ‘மீ லாபீ’ என்று தெருவே கத்திக் கரண்ட் வந்ததைக் கொண்டாடும்போதும், வோல்டேஜ் நிலைக்கிற வரை உங்களைச் சுவிட்சைத் தொடவிட மாட்டேன். அங்கே கரண்ட் போவதில்லையடா மடையா! நின்றால் நிற்கட்டும், போர்த்திக்கொண்டு உட்கார்ந்திரு. வெளிப்பெட்டியைச் சுற்றி விழுகிற பனியை வாரிப்போடு. உள்ளே ஃபில்டரைக் கழுவு. அப்படியும் பனி கரையாமல் நின்றால் கேஸ் குறைந்திருக்கும். அந்த ஆளைப் பார்க்கச் சொல்.

இனி உன் தம்பி மோகன். மாவ்பியில் வேலை முடிந்து வந்தவனை பஸ்ஸிலிருந்து இறக்கிப் படைக்குப் பிடித்துப்போனதோடு சரி. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இன்றுவரை தகவல் இல்லை. நான் போய்க் கேட்காத ஆளில்லை. ‘வீட்டுக்குப் போங்க ஊலே’ என்று மாமா முறை சொல்லி அனுப்புவதைத் தவிர ஒரு வார்த்தை பெயராது. அம்மா சாயங்காலமானால் பஸ் நிற்கிற இடத்தில் போய் நிற்கிறாள். கூட்டிவந்தால் வருகிறாள், மறுநாள் திரும்பவும் போகிறாள். எனக்குச் சாமி மேல் இருந்த நம்பிக்கையும் விட்டுப்போயிற்று.

இந்தக் குளிரில் தனியாகக் கிடந்து சாவதைவிட வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து அவள் முகம் தெளிந்திருக்கிறது. திஞ்சான் திருவிழாவுக்குப் பெரியவன் வருகிறான் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். ஆனால் உன் வயதும் அவர்கள் தேடுகிற வயதுதான். ஏர்போர்ட்டில் இறங்கினால் நீ வீடு வந்து சேர்வாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேண்டாமப்பா. எனக்கு ஒன்று ஆகிவிட்டதென்று தகவல் வந்தாலும் வராதே. கொள்ளி போடப் பிள்ளையில்லாமல் போனான் என்று ஊர் பேசினால் பேசட்டும். ஒருவனை நினைத்து அழவே எனக்குத் தெம்பில்லை.

அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பர்மாக்காரிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதது இன்றைக்குத்தான் எனக்கு உதவியாயிருக்கிறது. வரச்சொல்லி எழுதியாச்சா என்று இதோ மறுபடியும் கேட்கிறாள். எழுதிவிட்டேன் என்று தலையாட்டினேன். நான் முடித்ததும் அடியில் தன் கையால் பர்மிய எழுத்தில் ஒரு வரி எழுதவேண்டுமாம். வா மகனே என்றுதான் எழுதுவாள். அதைப் படித்து அழுதுவிட்டு, அங்கேயே இரு சாமி.

உன் அப்பா,
குழந்தைவேலு