கோப்பையில் இரண்டு எழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த வருடம் ஓட்டம், டென்னிஸ், குத்துச்சண்டை என்று உலக சாம்பியன்களின் பெயர்களை எல்லாம் கோப்பைகளில் பொறித்தது நான்தான். நேற்று கால்பந்து இறுதியாட்டம். முடிந்த கையோடு கோப்பையைக் கொடுத்தாக வேண்டும் என்பதால், கடைசி நிமிடத்திலேயே வெட்டத் தொடங்கிவிடுவோம். ஒரு அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது; "ஜெயிச்சாச்சு, ஆரம்பிம்மா" என்றார் எங்கள் பட்டறை மேலாளர். இரண்டு எழுத்து வெட்டியிருப்பேன், மைதானமே அலறியது. எதிரணி கோல் போட்டுச் சமன் செய்து, கடைசியில் அவர்களே ஜெயித்துவிட்டார்கள்.

தோற்றவர்களின் எழுத்தைத் தேய்த்துவிட்டு, அதன் மேலேயே ஜெயித்தவர்களின் பெயரை வெட்டினேன். சாய்த்துப் பார்த்தால் பழையது தெரிகிறது. "நான் எப்பம்மா சொன்னேன்?" என்கிறார் மேலாளர். பெரிய விஷயமில்லை, பயப்படாதீர்கள். நேற்றிலிருந்து சோறுதான் இறங்கவில்லை. கை வலிக்கு உங்கள் தைலம் ஒரு சீசா அனுப்புங்கள். அம்மாவை ஃபோனில் சும்மா ஏதாவது பேசச் சொல்லுங்கள்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள், முடிக்கிறேன். நாளை வெற்றி ஊர்வலத்தை டிவியில் காட்டுவார்கள். "என் பொண்ணு வெட்டின எழுத்து" என்று தெருவையே கூட்டுவீர்களே, இந்த ஒருமுறை மட்டும் வேண்டாம் அப்பா.

உங்கள் மகள்