பதினைந்து வருஷ மருந்து

கண்ணு,

நேற்றே வீடு வந்து சேர்ந்தேன்.

போன பொங்கலில் உன் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டேன். செல் பெருக வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று உத்தரவு போடும் புரதம் ஒன்று இருக்கிறது, அதை மருந்தால் அடக்கினால் புற்றுநோயும் அடங்கலாம் என்றாய். எப்போது வரும் என்றதற்கு, “இன்னும் எலியையே தாண்டலம்மா. பதினஞ்சு வருசமாவது ஆவும்” என்று சிரித்தாய்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் என் ரிப்போர்ட்டை நீதான் வாங்கினாய். “ஒண்ணுமில்லம்மா” என்றாய். பஸ் ஏற்றிவிடும்போது, நான் கேட்காமலே, “அந்த மருந்து சீக்கிரம் வந்துரும்மா” என்றாய். காரிமங்கலம் வரும்வரை எனக்கு அதே யோசனை. ஒன்றுமில்லாதவளிடம் மருந்துப் பேச்சு எதற்கு?

போனில் கேட்டால் பேச்சை மாற்றுவாய். அதனால் எழுதிக் கேட்கிறேன். அந்த மருந்து எப்போது வரும்? பதினைந்து வருஷம் என்று மறுபடி சிரித்துக்கொண்டே சொல், எனக்கு ஒன்றுமில்லை என்று நம்புகிறேன்.

உன் அம்மா