பிஸ்கட் டின்னுக்குள் போகாத நூல்

ஜூன் 9, செவ்வாய்

கச்சான் காற்று, அனல். பட்டறைத் தகரம் காலையிலேயே கொதி. பஸ்ஸில் இடமில்லை, பெரியகல்லாறு வரை நின்றபடி.

இன்றைய சாதனை: பிஸ்கட் டின்னில் நண்டு. அந்த டின் எங்கள் தச்சு வகுப்பு வாசலில் இருக்கும். மோதிரம், மணிக்கூடு, சங்கிலி, கோயில் நூல் எல்லாம் கழற்றி அதற்குள் போட்ட பிறகுதான் மெஷின் பக்கம் போகலாம். சுழல்கிற மெஷின் தொங்குகிற எதையும் விடாதாம். சேர் (இங்கிலிசில் 'சேர்' கதிரையும்தானே, அதனால் இந்த டயரியில் அவர் பெயர் கதிரை சேர், சுருக்கமாக க.சே.) மூடியைத் திறந்தார். இத்தனை வருடம் மெஷின் தொடாத விரலை நண்டு தொட்டது.

"ஆருட வேலை இது?"

ஆறு பொடியன்மாரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பில் ஒரே பெட்டை நான். வேறு விசாரணை தேவைப்படவில்லை.

"சந்தையில அதுட கையில நூல் கட்டித்தான் தந்தாங்க சேர். கழட்டிற்றுத்தான் டின்னுக்குள்ள போனது. விதிப்படி."

"அப்ப நண்டுக்கு இருக்கிற அறிவு உனக்கு இல்லையேகா! உன்ட கையில என்ன அது?"

அடி எனக்கே திரும்பியது.

என் நூல்: போன வருடம் அம்மன் சடங்கு முடிந்ததும் கோயிலில் கட்டியது. ஒரே பந்தில் அறுத்து அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மறுநாள் அம்மா ஜோர்தானுக்கு, தையல் கொம்பனிக்கு. நான் மாமி வீட்டுக்கு. அம்மா திரும்பும் வரை இரண்டு பேரும் கழற்றுவதில்லை என்று பேச்சு. எனவே கழற்றவில்லை. எனவே எனக்கு மெஷின் இல்லை, தூள் கூட்டத் தும்புத்தடிதான். துளை போடும் வகுப்பில் தொல்லை மட்டும் போடுகிறேன்.

திங்கள் ட்ரில் சோதனை. "நூலோட வந்தா பேர வெட்டிருவன்." - க.சே.

ஜூன் 11, வியாழன்

மதியம். பொடியன்மார் வேம்பின் கீழ் வட்டமாக. நான் வாவிப் பக்கம், பலகை அடுக்கின் மேல். சோறு, மீன் சொதி. கொக்குக்கு ஒரு பகிடி சொன்னேன். பறந்துவிட்டது.

பின்னேரம் பொடியன்மாரில் ஒருவன், கிசோத், துணிக் கையுறையோடு ட்ரில்லுக்குப் போனான். பாதுகாப்பாம். கையுறையில் பிரிந்திருந்த ஒரு நூல்முனை துளை போடும் பிட்டில் சுற்ற, கண் மூடித் திறப்பதற்குள் கையுறை முழுவதும் பஞ்சு மிட்டாய். க.சே. பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தார். விரல் அதற்குள்ளா வெளியேயா, ஒருவருக்கும் தெரியவில்லை. வெளியேதான். நீலமாக வீங்கி.

"கையுறை போட்டா நல்லமெண்டு நினைச்சன் சேர்."

"ட்ரில்லுக்கு வெறுங்கைதாண்டா பாதுகாப்பு! எத்தின தரம் சொன்னன்?" நின்றுவிட்ட மெஷினின் பொத்தானை இன்னொரு தரம் அடித்தார். அதை நான் பகிடி பண்ணவில்லை.

எல்லோரும் கிசோத்தைச் சுற்றி. நான் தூள் கூட்டினேன். தூளுக்குள் வெள்ளை நூல் துண்டுகள். என் நூலைச் சட்டைக் கைக்குள் தள்ளினேன். தொங்குகிற சட்டைக் கையும் கூடாதாமே.

அம்மாவுக்கு வாட்ஸப்பில் எழுதினேன்; மெஷினில் இருந்தால் போன் ஓஃப். ஒற்றை டிக். அழித்துவிட்டேன்.

ஜூன் 12, வெள்ளி

அம்மாவுக்கு லீவு. வீடியோ.

என் நூல் கறுத்து, எலி வால் மாதிரி. அம்மாவுடையது இன்னும் பளிச் மஞ்சள். இத்தனை நாளும் ஜோர்தான் சவர்க்காரம் நல்லது என்று நினைத்திருந்தேன். தையலும் மெஷின்தானே; ஒரு பொறி வைத்தேன்.

"அம்மா, நான் சோதனை பாஸ்! கையத் தட்டுங்க!"

தட்டினார். நூல் கழன்று மடியில் விழுந்தது.

எடுத்து மறுபடி சுற்றப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

"வந்த அண்டைக்கே வெட்டிற்றாங்க மனே. மெஷினுக்குக் கிட்ட கையில ஒண்டும் ஏலாதாம். பக்கத்துப் புள்ளைக்கு வளையல் மாட்டி..." அதோடு நிறுத்திவிட்டார்.

"மறுகா ஏன் சொல்லல்ல?"

"நான் மட்டும் தனியக் கட்டிக்கிட்டு இருக்கனெண்டு நீ நினைப்பாயே. நீயும் கழட்டுகா. கோயில் அம்மாள் ஒண்டும் நினைக்க மாட்டா. சோதனை எப்படி, லேசா?"

"அது பொய்."

போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

கோபம். மூன்று அழைப்பு, எடுக்கவில்லை. ஊரை ஏமாற்றுகிற என்னையே ஒரு ஆள் வெள்ளிக்கு வெள்ளி ஏமாற்றியிருக்கிறார். நான் நூலைத் தடவித் தடவிப் படுத்த இரவெல்லாம் மறுபக்கத்தில் வெறுங்கை.

மாமியின் தையல் நூலை எடுத்து, கழன்று விழாமல் ஒற்றைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஒரு முனையைப் பல்லால் கடிக்க வேண்டும். லேசில்லை. ஒவ்வொரு வெள்ளியும் இதைச் செய்துவிட்டுத்தான் என்னை அழைத்திருக்கிறார்.

நான்காவது அழைப்பு வரவில்லை.

ஜூன் 15, திங்கள்

கச்சான் காற்று. மாமியின் கத்தரிக்கோல். ஒரே வெட்டு.

நூல் டின்னுக்குள். க.சே. மூடியைத் தடியால்தான் திறந்தார்.

கொண்டை தொப்பிக்குள். பலகைக்குக் கிளாம்ப்.

"பிட் இறுக்கின சாவி கழட்டினயா?"
"ஓம் சேர்."
"கண்ணாடி?"
"மூக்கில சேர்."
"நண்டு?"
"சொதியில சேர்."

நான்கு துளை. பிட் நிற்கும் வரை தூளில் கை வைக்கவில்லை. பாஸ். இந்த முறை பொய் இல்லை.

கிசோத், கட்டுப் போட்ட விரலோடு: "இனித் தும்புத்தடி ஆருக்கு?"
"உனக்குத்தான் தம்பி. ஒத்தக் கையால பழகு."

மதியம் பலகை அடுக்கு. கொக்கு இல்லை. நூல் இருந்த இடத்தில் வெள்ளை வளையம், அதில் மரத்தூள். போனைச் சாய்த்து வைத்து இரண்டு கையையும் விரித்துப் படம் எடுத்தேன். அனுப்பினேன்: "விரல் பத்தும் இருக்கு. உங்கட பத்தையும் காட்டுங்க."

ஒற்றை டிக். மெஷினில் இருப்பார்.